விமானக் கட்டணமும் இருக்கை ஒதுக்கீடும்: கண்காணிப்பு எங்கே தொடங்க வேண்டும்?

ஒரே பயணத்தை இரண்டாம் முறை தேடினால் இணையதளம் நம் அவசரத்தைத் தெரிந்துகொண்டு விலையை ஏற்றிவிடுகிறது என்ற எண்ணம் பயணிகளிடையே பரவலாக உண்டு. கட்டண ஏற்ற இறக்கத்தைப் பெரும்பாலும் விளக்குவது அந்த ஐயம் அன்று, இருக்கை ஒதுக்கீட்டு முறையே. எனவே கண்காணிப்பும் அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

திரையில் தெரியும் தொகை, தேடும் கணத்தில் மூன்று தரவுகள் சேர்ந்து உருவாவது. முதலாவது கால அட்டவணை. இரண்டாவது கட்டணங்களும் அவற்றின் விதிகளும். பல நிறுவனங்கள் இவற்றை ஏடிபிகோ என்ற பொது அமைப்பின் வழியே வெளியிடுகின்றன. மூன்றாவது இருக்கை இருப்பு. முதல் இரண்டையும் முகவர்களும் போட்டி நிறுவனங்களும் பார்க்கலாம். மூன்றாவதன் கணக்கு அந்தந்த நிறுவனத்துக்குள்ளேயே நடக்கிறது. விடை மட்டுமே வெளியே வருகிறது.

எகானமிக்குள்ளேயே பல முன்பதிவு வகுப்புகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. முகவரின் திரையில் ‘ஒய்9 எம்4 கியூ2’ என்று வந்தால், மலிவான கியூவில் 2 இருக்கைகள், எம்மில் 4, முழுக்கட்டண ஒய்யில் 9 அல்லது அதற்கு மேல் என்று பொருள். நால்வர் கொண்ட குடும்பம் ஒரே தேடலில் கேட்டால், கியூவில் நால்வருக்கும் இடம் இல்லாததால் வழக்கமாக எல்லோருக்கும் எம் கட்டணமே வரும். இருவர் இருவராகத் தேடினால் முதல் இருவருக்கு மலிவான சீட்டு கிடைக்கக்கூடும். அந்தக் குடும்பத்துக்கு இது தெரிய வழியில்லை.

இந்த ஒதுக்கீட்டின் அடிப்படை விதியை 1972இல் பிரிட்டனின் பிஓஏசி நிறுவனத்தில் பணியாற்றிய கென் லிட்டில்வுட் வகுத்தார். கடைசி நேரத்தில் முழுக்கட்டணப் பயணி வரும் வாய்ப்பை அவர் தரும் தொகையால் பெருக்க வேண்டும். சலுகைக் கட்டணம் அதற்குக் குறையாத வரை சலுகையில் விற்கலாம். 1985இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இத்தகைய கணக்கைக் கொண்டே, ஒரே விமானத்தில் சில இருக்கைகளை மிக மலிவாக விற்று, மற்றவற்றைப் பிந்தி வரும் வணிகப் பயணிகளுக்காகக் காத்துவைத்தது. குறைந்த கட்டணத்தையே நம்பியிருந்த பீப்பிள் எக்ஸ்பிரஸ் அந்தப் போட்டியில் தளர்ந்து, மறு ஆண்டே கைமாறியது.

புறப்பட்ட விமானத்தின் காலி இருக்கையை மறுநாள் விற்க முடியாது. பல விலைகள் இருப்பதால்தான் மலிவான சீட்டும் சாத்தியமாகிறது என்று நிறுவனங்கள் வாதிடுகின்றன. இது வலுவான வாதம். விலைக்கு உச்சவரம்பு விதித்தால் முதலில் மறைவது அந்த மலிவான சீட்டாகவே இருக்கலாம். ஆனால் பல விலை வைக்கும் உரிமை, அதை மறைக்கும் உரிமையாகிவிடாது.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1964இல் முழு இயக்கத்துக்கு வந்த சேபர் முன்பதிவு அமைப்பு பின்னர் பயண முகவர்களின் மேசைக்குச் சென்றது. அதன் திரை, உரிமையாளரான அமெரிக்கன் ஏர்லைன்ஸின் விமானங்களுக்கே முன்னிடம் தந்தது. முகவர்களோ முதல் திரையில் கண்டதையே பெரும்பாலும் பதிவுசெய்தனர். 1978இல் கட்டணக் கட்டுப்பாட்டை விலக்கத் தொடங்கிய அமெரிக்கா, 1984இல் இந்தத் திரைச் சார்பைத் தடைசெய்தது. விலையைத் தொடாமலே காட்டும் முறையை ஒழுங்குபடுத்த முடியும் என்பதற்கு அதுவே சான்று.

அதே வழியில் இன்று ஒரு விதி போதும்: கேட்ட எண்ணிக்கையைவிடக் குறைவான இருக்கைகள் மலிவான வகுப்பில் எஞ்சியிருந்தால், எத்தனை, என்ன விலை என்று தளம் தெரிவித்தாக வேண்டும். அதற்குத் தேவையான எண் இருக்கை இருப்பு விடையில் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பணம் கட்டுபவரிடம் மறைக்கத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை.