இட்லித் தட்டும் பந்துத் தொட்டியும்

ஒன்றரை வயது, இரண்டு வயதுக் குழந்தையோடு வெளியே சாப்பிடப் போக நினைக்கும் சென்னைப் பெற்றோருக்கு இன்று இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, நாம் பிறந்ததிலிருந்து பார்த்துவரும் டிபன் ஓட்டல். இன்னொன்று, அண்ணா நகர், ஆழ்வார்ப்பேட்டை, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் பெருகிவரும், சறுக்குமரமும் பந்துத் தொட்டியும் வைத்த கஃபே. 'குழந்தைகளுக்கு ஏற்ற இடம்' எங்கே என்று யாராவது கேட்டால் எல்லோரும் இரண்டாவதைத்தான் கைகாட்டுகிறார்கள். விளையாட ஏற்ற இடம் என்றால் சரி. சாப்பிட ஏற்ற இடம் எது என்று கேட்டால், என் ஓட்டு டிபன் ஓட்டலுக்கே.

காரணம், முதலில் நேரம். பசித்த குழந்தைக்குக் காத்திருக்கத் தெரியாது. டிபன் ஓட்டலில் இட்லி எப்போதும் வெந்தபடி இருக்கிறது. உட்கார்ந்ததும் சப்ளையரிடம், "குழந்தைக்கு மட்டும் ஒரு இட்லி முதல்ல குடுத்துடுங்கண்ணா" என்றால் போதும், நாம் என்ன சாப்பிடுவது என்று முடிவு செய்வதற்குள் தட்டு வந்துவிடும். கஃபேயில் பாஸ்தாவோ பான்கேக்கோ ஆர்டர் போன பிறகுதான் அடுப்பில் ஏறும். அந்த இடைவெளியில் குழந்தை அழும், பெற்றோர் கைப்பேசியை எடுத்துக் கொடுப்பார்கள். சாப்பாடு வரும்போது குழந்தையின் கண் திரையை விட்டு அகலாது.

அடுத்தது தட்டில் இருப்பது. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட இணை உணவு வழிகாட்டுதல், 6 மாதம் முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு இனிப்பூட்டிய பானங்கள் கூடாது என்றும், சர்க்கரையும் உப்பும் மிகுந்த உணவுகளைத் தவிர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு கஃபேக்களின் குழந்தைகள் மெனுவைப் படித்தால் வருத்தமாக இருக்கிறது. பிரெஞ்ச் ஃப்ரைஸ், நக்கெட்ஸ், சாக்லேட் சிரப் ஊற்றிய பான்கேக், மில்க் ஷேக். பெரியவர்கள் எப்போதாவது ஆசைக்குச் சாப்பிடுவதை அளவு குறைத்து, கார்ட்டூன் படம் போட்டு, குழந்தை உணவு என்கிறார்கள்.

இட்லியைக் குழந்தைக்கென்று யாரும் தனியாகச் செய்யவில்லை. ஆனாலும் ஆவியில் வெந்தது, மென்மையானது. பல் முழுதாக முளைக்காத குழந்தையும் இரண்டு விரலால் கிள்ளித் தானே வாயில் போட்டுக்கொள்ளும். மதியம் போனால் பருப்பு, நெய், சாதம் கேட்டு வாங்கிப் பிசைந்து ஊட்டலாம். அதற்காக அங்கே எல்லாமே குழந்தைக்கு ஆகும் என்று சொல்ல மாட்டேன். ஓட்டல் சாம்பாரில் காரமும் உப்பும் தூக்கலாக இருக்கும். பொங்கலில் முழு மிளகும் முந்திரியும் கிடக்கும். சின்னக் குழந்தைக்குத் தொண்டையில் அடைக்கக் கூடியவை, பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் ஊட்ட வேண்டும். மினி இட்லியையும் முழுசாகக் கொடுக்காமல் பிட்டுக் கொடுப்பதே நல்லது.

விளையாட்டு இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கஃபேயின் பெருமையே அதுதான், அதில்தான் எனக்குக் கவலையும். பந்துத் தொட்டி கண்ணுக்கு எதிரே இருக்கும்போது எந்த இரண்டு வயதுக் குழந்தை நாற்காலியில் உட்காரும்? ஒரு வாய் வாங்கிக்கொண்டு ஓடும், திரும்பி வந்து இன்னொரு வாய் வாங்கும். அம்மா ஸ்பூனோடு பின்னாலேயே போவாள். வாயில் உணவோடு ஓடுவதும் ஏறிக் குதிப்பதும் புரையேறுவதற்கும் அடைப்பதற்கும் வழி. சாப்பிட்டு முடித்த பிறகு விளையாட்டு என்று ஒழுங்கு வைத்து, விளையாடும் பகுதிக்குள் உணவை அனுமதிக்காத கஃபேக்களும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தைத் தேடிப் போவது நல்லது. டிபன் ஓட்டலில் குழந்தைக்கு வேடிக்கைதான் விளையாட்டு. டவராவிலிருந்து டம்ளருக்குக் காபி நுரைத்து விழுவதையும், கூம்பாக நிற்கும் தோசையையும் பார்த்துக்கொண்டே அது நாலு வாய் கூடுதலாகச் சாப்பிட்டுவிடும்.

ஆனால் ஆபத்து என்று பார்த்தால் டிபன் ஓட்டல்தான் முந்துகிறது. கொதிக்கும் சாம்பார் வாளி குழந்தையின் தலைக்கு மேலாகப் போய்வருகிறது. சூடான காபி டம்ளரோ கைக்கு எட்டும் தூரத்தில். குழந்தையின் தோல் மெல்லியது, நமக்குச் சுரீரென்று படுகிற சூடு அதற்குப் புண்ணாகிவிடும். நடைபாதை ஓரத்தை விட்டு, சுவரோரமாகக் குழந்தையை உட்காரவைத்துக்கொள்வது முக்கியம். ஞாயிற்றுக்கிழமைக் காலை எட்டரைக்கு மேல் போகாமல் இருப்பதும் அப்படித்தான். நம் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த குடும்பம் இடத்துக்காக நின்றுகொண்டிருக்கும்போது யாராலும் நிதானமாக ஊட்ட முடியாது.

கஃபே சந்தேகமில்லாமல் ஜெயிக்கும் இடம் கழிவறை. டயப்பர் மாற்ற மடக்கு மேசை, உலர்ந்த தரை, பூட்டக்கூடிய கதவு எல்லாம் பல கஃபேக்களில் இருக்கின்றன. டிபன் ஓட்டல்களில் பெரும்பாலும் ஈரத் தரையும் ஒரு வாஷ் பேசினும்தான். தாய் குழந்தையை மடியில் கிடத்தியோ, கார் சீட்டில் வைத்தோ மாற்ற வேண்டியிருக்கிறது. பாலூட்டுவதும் அப்படியே. தமிழ்நாட்டின் பேருந்து நிலையங்களில் 2015-லேயே பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. பேருந்து நிலையத்துக்கு வந்த அந்த அக்கறை, எதிரே இருக்கும் ஓட்டலுக்கு இன்னும் வரவில்லை. முன்பு பல ஓட்டல்களில் தட்டி வைத்துத் தடுத்த ஃபேமிலி ரூம் இருந்தது. கைக்குழந்தைக்காரிக்கு அது பெரிய ஆறுதல். ஏசி ஹால் கட்டும்போது அதை இடித்துவிட்டார்கள்.

செலவில் ஒப்பீடே தேவையில்லை. பல கஃபேக்களில் விளையாடுவதற்குத் தனிக் கட்டணம், சில இடங்களில் சாக்ஸுக்கும் காசு.

ஆக, மூன்று வயதுக்குக் கீழே என்றால் பசி நேரத்துக்கு டிபன் ஓட்டல். வீட்டிலேயே சாப்பிடவைத்துவிட்டு, மாலையில் இரண்டு குடும்பங்கள் உட்கார்ந்து பேசவும் பிள்ளைகள் ஆடவும் கஃபே. கஃபே முதலாளிகளிடம் கேட்பது ஒன்றுதான்: மெனுவில் காரமும் உப்பும் குறைத்த பருப்பு சாதம் ஒரு கிண்ணம் சேருங்கள், வேகமாகக் கொடுங்கள். டிபன் ஓட்டல்காரர்களிடம் கேட்பது அதைவிடக் கொஞ்சம் அதிகம். வார் அறுந்துபோகாத உயர நாற்காலி இரண்டு, வாஷ் பேசின் அடியில் குழந்தை ஏறி நிற்க ஒரு மணை, கழிவறைச் சுவரில் ஒரு மடக்குப் பலகை, பாலூட்ட ஒரு மூலையில் தட்டி மறைப்பு. ஒரு புதுக் காபி மெஷின் வாங்கும் பணத்தில் இத்தனையும் செய்துவிடலாம்.