எட்டாம் நாள் திரும்பி வா

பெரியம்மை வராமல் தடுக்க அம்மை குத்திய எட்டாம் நாள் குழந்தையை அதே இடத்துக்கு மறுபடி தூக்கிக்கொண்டு வரவேண்டும். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஏழைத் தாய்மாருக்கு இருந்த விதி இது. குத்திய இடங்கள் அதற்குள் பழுத்துத் தெளிந்த நீர் கட்டியிருக்கும். அந்தக் கொப்புளத்தைக் கீறி எடுத்த நீரை, வரிசையில் காத்திருக்கும் அடுத்த குழந்தையின் கையில் மருத்துவர் ஏற்றுவார். அம்மைப்பால் கெடாமல் தொடர்ந்து கிடைக்க அன்று அரசு நம்பியிருந்த வழி இதுதான். வீங்கிச் சிவந்த கையோடு அழும் பிள்ளையை மீண்டும் கீறவிட எந்தத் தாய்க்கு மனம் வரும்? மறுத்தால் அபராதம் என்றது 1871ஆம் ஆண்டுச் சட்டம்.

வசதியுள்ளவர்கள் தங்கள் குடும்ப மருத்துவரிடம் குத்திக்கொண்டார்கள். கூலிக்காரர்களுக்கு வாய்த்தவை அரசு நிலையங்கள். அவற்றை நடத்திய பொறுப்பு ஏழை நிவாரண வாரியங்களிடம் இருந்தது. பிழைக்க வழியில்லாமல் வந்தவர்களைப் புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம் என்று பிரித்து அடைத்த ஏழை விடுதிகளை நடத்தியவையும் அதே வாரியங்கள்தாம். அந்த வாசலை மிதிப்பதையே அவமானமாக நினைத்த மக்களிடம், உன் பிள்ளையின் நன்மைக்காகத்தான் கூப்பிடுகிறோம் என்று அரசு சொன்னது.

அம்மை குத்தும் முறையைச் சென்ற வாரம் பார்த்த ஆங்கில மருத்துவர் ஜென்னர் 1796இல் தொடங்கிவைத்தது மகத்தான காரியம். அதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. ஆனால் ஒருமுறை குத்தினால் ஆயுளுக்கும் காப்பு என்று அவர் அறிவித்துவிட்டார். அது மிகைக்கூற்று. ஆண்டுகள் செல்லச்செல்லக் காப்பு தேயும். மறுபடி குத்த வேண்டும். ஜெர்மனி 1874ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே 12 வயதில் மறுமுறை குத்துவதைக் கட்டாயமாக்கிவிட்டது. இங்கிலாந்தின் சட்டம் கைக்குழந்தையோடு நின்றுகொண்டது.

அந்தச் சட்டம் படிப்படியாக இறுகியது. 1853இல், பிறந்த மூன்று மாதத்துக்குள் அம்மை குத்தியாக வேண்டும், தவறினால் ஒரு பவுண்டு வரை அபராதம் என்று வந்தது. பல தொழிலாளிகளுக்கு அது ஒரு வாரக் கூலி. 1867இல் வந்த திருத்தம்தான் கொடியது. அதே குழந்தைக்காக அதே தகப்பனை, பிள்ளைக்கு 14 வயது ஆகும்வரை திரும்பத் திரும்பத் தண்டிக்கலாம். 1871இல், இதைக் கண்காணிக்க ஒவ்வொரு வாரியமும் ஓர் அதிகாரியை நியமித்தாக வேண்டும் என்றாயிற்று.

அதே 1871இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன் ஓர் உண்மையை மருத்துவர்கள் முன்பு வைத்தார். கைக்குக் கை அம்மைப்பால் ஏற்றியதால் சிபிலிஸ் என்னும் மேகநோய் தொற்றியதற்குச் சான்று காட்டினார். அப்படி நேர்வது அரிது. ஆனாலும் நடக்கவே நடக்காது என்று பெரிய மருத்துவர்கள் பலர் பல ஆண்டுகளாகச் சாதித்துவந்த ஒன்று அது. தாய்மார் அஞ்சியது வீண் பயமல்ல என்றாகிவிட்டது. கன்றுக்குட்டியிலிருந்து அம்மைப்பால் எடுக்கும் முறையை நேபிள்ஸ் நகரத்தார் பல ஆண்டுகளாகவே கையாண்டு வந்தார்கள். அதைப் பரவலாக்காமல் வழக்குப்போடும் வேலையில் இங்கிலாந்து இறங்கியது.

பனியனும் காலுறையும் செருப்பும் செய்யும் தொழிலாளர் ஊரான லெஸ்டரில் இந்தக் கோபம் திரண்டது. அங்கே பெரும்பாலான குழந்தைகளுக்கு அம்மை குத்தியிருந்தும், 1871–72 கொள்ளைநோய் 300க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. குத்தியும் வந்ததே என்ற கேள்விக்கு நேர்மையாக விடைசொல்ல ஆளில்லை. 1869இல் அந்த ஊரில் நடந்த வழக்குகள் இரண்டு. 1881இல் ஆயிரத்தைத் தாண்டின. அபராதம் கட்டாதவர்களின் தட்டுமுட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. சிலர் சிறைக்கே போனார்கள். 1885 மார்ச் 23 அன்று நாட்டின் பல ஊர்களிலிருந்தும் வந்து பல்லாயிரம் பேர் லெஸ்டர் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். சிறு சவப்பெட்டி ஒன்றைச் சுமந்துவந்தார்கள். ஜென்னரின் கொடும்பாவியைத் தூக்கிலிட்டார்கள். மறு ஆண்டு வாரியத் தேர்தலில் எதிர்ப்பாளர்களே வென்று, வழக்குகளை நிறுத்தினார்கள்.

அதன்பின் லெஸ்டர் வேறு வழியில் போனது. யாருக்குப் பெரியம்மை கண்டாலும் உடனே நகராட்சிக்குத் தகவல் வரும். நோயாளியைத் தனி மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள், அவரோடு பழகியவர்களை ஒதுக்கிவைப்பார்கள், வீட்டைச் சுத்திகரிப்பார்கள். ஒதுங்கியிருந்தவர்களுக்குக் கூலி இழப்பை ஈடுகட்டவும் செய்தார்கள். 1892–93இல் பெரியம்மை வந்தபோது இறந்தவர்கள் சில பத்துப் பேருக்குள் அடங்கினார்கள். தடுப்பூசியே வேண்டாம் என்பதற்கு லெஸ்டரைச் சாட்சியாகக் காட்டுவோர் இன்றும் உண்டு. நோயாளிகளைக் கவனித்த மருத்துவமனை ஊழியர்களில் பெரும்பாலோர் அம்மை குத்திக்கொண்டவர்கள் என்பதை அவர்கள் சொல்வதில்லை. குளஸ்டர் நகரத்தையும் சொல்வதில்லை.

குளஸ்டரிலும் வாரியம் வழக்குகளைக் கைவிட்டிருந்தது. குழந்தைகளில் பெரும்பாலோர் குத்திக்கொள்ளாதவர்கள். லெஸ்டரின் அளவுக்கு ஏற்பாடுகள் அங்கே இல்லை. 1895–96இல் ஏறக்குறைய 2,000 பேரைப் பெரியம்மை தாக்கியது. 434 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் சிறு பிள்ளைகள். இதை எழுதும்போது நெஞ்சு பதறுகிறது. எதிர்த்துநின்ற அதே ஊரில், சில மாதங்களுக்குள் பல்லாயிரம் பேர் தாமாகவே வந்து அம்மை குத்திக்கொண்டார்கள்.

ஹெர்ஷல் பிரபுவின் தலைமையில் 1889இல் அமைந்த அரசு ஆணையம் ஏழாண்டுகள் விசாரித்து, 1896இல் முடிவைச் சொன்னது: அம்மை குத்துவது காக்கிறது, அடுக்கடுக்கான தண்டனை ஒழிய வேண்டும். 1898இல் புதுச் சட்டம் வந்தது. இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் முன்னால் மனச்சாட்சியின் பேரில் மறுப்பதாக மெய்ப்பித்தால் விலக்கு உண்டு என்றது. வரலாற்று நூல்கள் இந்த விலக்கைப் பற்றியே பேசுகின்றன. என் கணக்கில் அதைவிடப் பெரியது அதே சட்டம் செய்த வேறொன்று. கைக்குக் கை ஏற்றுவது நின்றது. கிளிசரின் கலந்த கன்று அம்மைப்பால் வந்தது. மருத்துவரே வீட்டுக்கு வந்து குத்தலாம் என்றானது. 1871இலேயே இதைச் செய்திருந்தால் லெஸ்டரின் ஏலங்களும் குளஸ்டரின் சாவுகளும் எவ்வளவு குறைந்திருக்கும்!

விலக்குச் சான்று கேட்டு 1898 முடிவதற்குள்ளாகவே இரண்டு லட்சம் பேர் பெற்றுவிட்டார்கள். ஆனால் பல மாஜிஸ்திரேட்டுகள் வந்தவர்களை ஏளனம் செய்து திருப்பியனுப்பினார்கள். தாய் வந்தால், தகப்பனைக் கூப்பிடு என்றவர்களும் உண்டு. அந்தத் தொல்லை தீர 1907இல் எழுத்துமூலமான உறுதிமொழியே போதும் என்றாக்கினார்கள். கட்டாயம் முழுமையாக நீங்கியது 1948இல்.

அடுத்த வாரம் ஜெர்மனியின் லூபெக் நகரத்துக்குப் போவோம். 1930இல் அங்கே காசநோய்த் தடுப்பு மருந்தில் வீரியம் குன்றாத நோய்க்கிருமி கலந்துவிட்டது. பச்சிளங்குழந்தைகள் பலர் பலியானார்கள். அதற்குப் பொறுப்பான மருத்துவர்களை நீதிமன்றம் எப்படி விசாரித்தது என்று பார்ப்போம்.