சுருள்பாசி வந்த வழி

மெக்சிகோவின் டெக்ஸ்கோகோ ஏரியில் அஸ்டெக் மக்கள் நெருக்கமாகப் பின்னிய வலையால் சுருள்பாசி என்னும் பச்சைப் பாசியை வாரி எடுத்தார்கள். வெயிலில் காயவைத்து, அடையாக்கிச் சந்தையில் விற்றார்கள். 1521இல் அவர்களுடைய தலைநகரம் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்து வந்த நூற்றாண்டுகளில் ஏரியின் பெரும்பகுதியை வடித்துவிட்டார்கள். பாசி உண்ணும் வழக்கமும் மறைந்தது.

ஆப்பிரிக்காவில் அந்த வழக்கம் அறுபடவில்லை. சாட் ஏரிப் பகுதியின் கானெம்பு பெண்கள் இன்றும் அதன் உறவுப் பாசியை மணற்குழியில் ஊற்றி, நீர் வடிந்ததும் துண்டாக அறுத்துக் காயவைக்கிறார்கள். திஹே என்று பெயர், குழம்பில் கரைப்பார்கள். 1960களில் பெல்ஜியத் தாவரவியலாளர் ழான் லெயோனார் அதை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னார். ஏறக்குறைய அதே காலத்தில், டெக்ஸ்கோகோவில் சோடா எடுத்துக்கொண்டிருந்த ஆலையின் குளங்களில் பாசி தானாகவே மண்டியது. 1970களில் ஆலை அதையே விற்கத் தொடங்கியது.

தமிழ்நாட்டுக்கும் அது வந்தது. சென்னையில் முருகப்பச் செட்டியார் ஆய்வு மையத்தில் சி. வி. சேஷாத்ரி கிராமங்களில் அதை வளர்க்கும் முறைகளுக்காக உழைத்தார். புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பெரிய பண்ணையே உருவானது. ஆழமில்லாத தொட்டி, சமையல் சோடா கரைத்த காரநீர், நீரை ஓயாமல் சுழற்றும் துடுப்புச் சக்கரம், நல்ல வெயில். அந்தக் காரத்தில் வேறு உயிர்கள் எளிதில் பிழைக்காது.

உலர்ந்த சுருள்பாசியில் 55 முதல் 70 விழுக்காடு புரதம். மீன் தீவனத்தில் புரதத்துக்காகச் சேர்க்கும் நல்ல மீன்தூளிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். தடித்த செல்லுலோஸ் சுவர் இல்லாததால் மீனுக்கு எளிதில் செரிக்கும்; குளோரெல்லா என்ற பாசிக்கு இந்த வசதி இல்லை. லைசின், மெத்தியோனின் என்னும் அமினோ அமிலங்கள் மீன்தூளைவிடக் குறைவு என்பது உண்மை. தீவனத்தில் தனியாகச் சேர்த்து ஈடுகட்டலாம்.

இவ்வளவு இருந்தும், மீன் தீவனத்துக்குள் அது பெரும்பாலும் ஒரு சிட்டிகையாகத்தான் நுழைகிறது. தங்கமீனுக்கும் கோய் மீனுக்கும் நிறம் ஏற்ற! விலைதான் காரணம்: மீன்தூளைவிடப் பல மடங்கு.

ஆனால் மீன்தூளின் விலையில் கடலின் கணக்கு சேர்வதில்லை. பெருவின் நெத்திலி இனம்தான் உலக மீன்தூளுக்கு முதன்மை மூலப்பொருள். 2023இல் குஞ்சுமீன்களே அதிகம் சிக்கியதால் அங்கே முதல் மீன்பிடிப் பருவத்தையே ரத்து செய்தார்கள். நம் மேற்குக் கரையிலும் ஏழைகள் வாங்கிச் சாப்பிடும் மத்தி அரவை ஆலைக்குப் போகிறது. மனிதர் உண்ணத்தக்க மீனை அரைத்து வேறொரு மீனுக்குப் போடுவதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

மீன்தூள் முழுவதையும் இன்றே மாற்றிவிட முடியாது. திலாப்பியாவும் வெள்ளிக் கெண்டையும் இயல்பிலேயே பாசி தின்பவை, அங்கிருந்து தொடங்கலாம். மனிதர் விழுங்கும் மாத்திரைக்குப் போகும் பாசிக்கான தூய்மையும் உலர்த்தும் செலவும் தீவனத்துக்கு அப்படியே தேவையில்லை. குளத்தருகே வளர்த்தால் வடிகட்டிய ஈரப்பாசியையே தவிட்டிலும் பிண்ணாக்கிலும் பிசைந்து போடலாம். பண்ணை வைத்திருப்போரே, ஒரு குளத்துக் குஞ்சுகளுக்கு மட்டுமாவது கொடுத்து, வளர்ச்சியை நிறுத்துப் பாருங்கள்.