நீர் ஆய்வும் நீர் நிர்வாகமும்: திண்டுக்கல் சமவெளி

நீரைப் பற்றி அறிவியல் கண்டறிந்ததைச் சட்டத்துக்கும் அரசாணைக்கும் அணைத் திறப்புக்கும் ஆலை உரிமத்துக்கும் அடிப்படையாக்குவது நீர் நிர்வாகத்தில் தனியொரு பணியாக வளர்ந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2000-ஆம் ஆண்டில் இதற்கென ஒரு பொது நெறியாணையே பிறப்பித்தது. தமிழ்நாட்டில் இந்த இணைப்பு சட்டமன்றம் வழியாக வந்ததைவிட நீதிமன்றம் வழியாக வந்ததே அதிகம். சின்னாளப்பட்டி, ஆத்தூர், ரெட்டியார்சத்திரம் ஆகிய ஊர்களைக் கொண்ட திண்டுக்கல் சமவெளி அதற்குத் தெளிவான சான்று. இங்குள்ள கிணறுகளில் எடுத்த கணக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இடம்பெற்றது. அந்தத் தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் போக்கையே மாற்றியது.

நிலமும் கிணறும்

திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் சாலையில், நகருக்குத் தெற்கே சின்னாளப்பட்டி அமைந்துள்ளது. கிழக்கே சிறுமலை, மேற்கே கீழ்ப்பழனி மலை. மேற்கு மலையடிவாரத்தில் ஆத்தூர் காமராசர் அணை. அந்த மலைகளின் ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு குடகனாறு வடக்கு நோக்கி ஓடி, வேடசந்தூர் வட்டாரத்தைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் அமராவதியுடன் கலக்கிறது. ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு இது. மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பது.

நிலத்தடியில் இருப்பது கடினப்பாறை. மேலே சில மீட்டர் ஆழத்துக்குச் சிதைந்த பாறையும் சுக்கான் மண்ணும், அதற்குக் கீழே வெடிப்புகள் உள்ள பாறையும் காணப்படுகின்றன. காவிரிக் கழிமுகத்தின் ஆழமான மணல் அடுக்குகளைப் போலத் தண்ணீரைத் தேக்கிவைக்கும் இடம் இங்கே இல்லை. மழைநீர் தங்குவது அந்த மெல்லிய சிதைவுப் படலத்தில்தான். அதிலேயே கிணறு வெட்டிப் பாசனம் நடக்கிறது. தரையில் கொட்டும் எதுவும் அதே படலத்தில் இறங்கி, சில ஆண்டுகளில் பக்கத்துக் கிணற்றில் தெரிந்துவிடும். இந்தச் சமவெளியின் நீர்ப் பிரச்சினைகள் பெரும்பாலும் இந்த நில அமைப்பிலிருந்தே தொடங்குகின்றன.

தோல் ஆலைகளும் உப்பும்

திண்டுக்கல் தோல் பதனிடுதலுக்குப் பெயர் பெற்ற ஊர். ஆட்டுத் தோலை மரப்பட்டை, கடுக்காய் போன்ற தாவரச் சரக்குகளால் பதப்படுத்தும் 'கிழக்கிந்தியத் தோல்' தயாரிப்பில் திருச்சியும் திண்டுக்கல்லும் முக்கிய மையங்கள். அந்தத் தொழிலாளர்களின் வாழ்க்கையை எழுதிய டி. செல்வராஜின் 'தோல்' நாவல் 2012-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

பச்சைத் தோல் அழுகாதிருக்க அறுத்த இடத்திலேயே உப்பிட்டு அடுக்குவார்கள். ஆலைக்கு வந்ததும் முதல் வேலை அந்த உப்பைப் போக்கி, காய்ந்த தோலைத் தண்ணீரில் ஊறவைப்பது. ஊறல் தொட்டியிலிருந்து வெளியேறும் முதல் நீரே கழிவுகளில் மிக உப்பானது. பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் இட்டு மயிர் நீக்குவார்கள். குரோமிய முறையில் பதனிடும் ஆலைகளில் குரோமியமும் சேரும். தாவர முறையில் குரோமியம் இல்லாவிட்டாலும் உப்பு இருக்கிறது. சேற்றையும் நாற்றத்தையும் சுத்திகரிப்பால் குறைக்கலாம். கரைந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பு நிலையம் நீக்காது. அது வயலுக்கோ கிணற்றுக்கோ போய்ச் சேரும். தொடக்கக் காலச் சுத்திகரிப்புத் திட்டங்கள் பல இந்த இடத்தில்தான் தோற்றன.

கிணற்றுக் கணக்கு நீதிமன்றம் போனது

1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தது. பாலாற்றுப் படுகையின் தோல் ஆலைகளைப் பற்றிய வழக்காகத் தொடங்கினாலும், திண்டுக்கல் உட்படத் தமிழகத்தின் தோல் ஆலை மாவட்டங்கள் பலவும் அதற்குள் வந்தன. வழக்கில் வாதத்தைவிட அளவீடே கனம் பெற்றது. வேலூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணிப்புப்படி, தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிருந்தது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கும் நீதிமன்றத்தின் முன் வந்தது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. நான்கில் மூன்று கிணறு. பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் நடத்திய ஆய்வு அல்ல அது. கிராமம் கிராமமாக நடந்து எண்ணிய கணக்கு. நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் அதைத் தீர்ப்பில் எடுத்தாண்டது இந்த வரலாற்றில் மிக முக்கியமான நிகழ்வு.

நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தைக் கொண்டு சுத்திகரிப்பு நிலையங்களை நேரில் ஆய்வு செய்யவும் நீதிமன்றம் ஏற்பாடு செய்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என அத்தீர்ப்பு அறிவித்தது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் மாசு அபராதம் விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டையும் நிலத்தை மீட்கும் செலவையும் கணக்கிட, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஓர் ஆணையம் அமைக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சூழலியல் இழப்புத் தடுப்பு மற்றும் இழப்பீட்டு ஆணையம் அதே ஆண்டு செப்டம்பரில் பிறந்தது. இத்தகைய வழக்குகளுக்கெனச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு அமைக்கவும் தீர்ப்பு கேட்டுக்கொண்டது.

தடை விதிக்கும் அரசாணை இல்லாமல் இல்லை. ஆறு, ஓடை, அணை போன்ற நீர்நிலைகளின் கரையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் கடும் மாசு தரும் தொழில்களைத் தொடங்கக் கூடாதெனத் தமிழக அரசு 1989 மார்ச்சில் அரசாணை எண் 213-ஐ வெளியிட்டிருந்தது. புதிதாக வரும் ஆலைக்கு அது தடை. ஏற்கெனவே நிலத்தில் இறங்கிவிட்ட உப்புக்கு அதில் பதில் இல்லை.

நிலத்தடியின் கணிதம்

தீர்ப்புக்குப் பின்னரே திண்டுக்கல் நிலத்தடி நீரைப் பற்றிய முறையான ஆய்வுகள் அதிகம் வெளியாயின. ஹைதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2001-ஐ ஒட்டி மேல் குடகனாற்றுப் படுகையின் கிணறுகளைச் சோதித்து, 2005-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழ 80 தோல் ஆலைகளின் கழிவு நீர் திண்டுக்கல்லைச் சுற்றிய நிலத்தடி நீரைக் கெடுத்திருப்பதை அந்த ஆய்வு காட்டியது.

மாதிரி எடுப்பது பார்க்க எளிய வேலை. பாட்டிலை அதே கிணற்று நீரில் அலசிவிட்டு நிரப்ப வேண்டும். ஆழ்குழாய்க் கிணறானால், குழாயில் தேங்கிய பழைய நீர் போகும்வரை மோட்டாரை ஓடவிட வேண்டும். மின்கடத்துதிறன் மானியின் முனையை நீரில் விட்டால் உப்பின் அளவு அங்கேயே தெரியும். உப்பு கூடினால் நீரில் மின்சாரம் எளிதாகப் பாயும். சென்டிமீட்டருக்கு இத்தனை மைக்ரோசீமன்ஸ் என்று வரும் அளவை ஏறத்தாழ 0.64-ஆல் பெருக்கினால் லிட்டரில் கரைந்துள்ள மொத்த உப்பு மில்லிகிராமில் கிடைக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீரில் 500 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது. ஒரு நாள் எடுத்த அளவு அந்த நாளின் நிலையைத்தான் சொல்லும். கோடையிலும் மழைக்குப் பின்னும் ஆண்டாண்டாக எடுத்த வரிசையே கொள்கை வகுக்க உதவும்.

அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பிறகு அமெரிக்கப் புவியியல் அளவைத் துறை உருவாக்கிய மாட்ஃப்ளோ கணினி மாதிரியைக் கொண்டு திண்டுக்கல் தோல் ஆலைப் பகுதியில் உப்பு நகரும் விதத்தைக் கணித்தனர். ஆலைகளின் மாசைப் பாதியாகக் குறைத்தாலும் 20 ஆண்டுகளுக்குப் பின்பும் நிலத்தடி நீரின் உப்பு பாதிக்குக் கீழே இறங்காது என்ற முடிவு கிடைத்தது. கழிவைத் தடுத்துவிட்டால் கிணறு தெளிந்துவிடும் என்ற நம்பிக்கையை இந்த முடிவு தகர்க்கிறது. இழப்பீட்டை ஒரு முறை கொடுத்து முடித்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான வாதம் வேண்டியதில்லை. ஆனால் ஆய்விதழில் வந்த முடிவு எந்தத் துறைக்கு, எந்தக் காலக்கெடுவில் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லும் விதி இங்கே இல்லை.

ஐரோப்பிய முறை

ஐரோப்பாவில் அந்த விதி இருக்கிறது. 2000 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த நீர்ச் சட்டக நெறியாணை, மாவட்ட எல்லையையும் நாட்டு எல்லையையும் விட்டுவிட்டு ஆற்றுப் படுகையை நிர்வாக அலகாக்கியது. ஒவ்வொரு படுகைக்கும் கண்காணிப்புத் திட்டமும், ஆறு ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கும் மேலாண்மைத் திட்டமும் கட்டாயம். அளவீடு எடுக்காத அரசு விளக்கம் சொல்ல வேண்டும். உறுப்பு நாடுகளின் அதிகாரிகளும் ஆய்வாளர்களும் சேர்ந்து வழிகாட்டு ஆவணங்கள் எழுதப் பொது நடைமுறை உத்தி ஒன்று 2001-இல் தொடங்கியது. 2006-இல் நிலத்தடி நீருக்கெனத் தனி நெறியாணை வந்தது. ரைன் ஆற்றைக் காக்கும் பன்னாட்டு ஆணையம் 1950-இலேயே இருந்தாலும், 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் அருகே சாண்டோஸ் நிறுவனக் கிடங்கு எரிந்து நச்சு ஆற்றில் கலந்த பிறகே அதன் வேலை வேகம் பிடித்தது. பெரும் கேடு நேர்ந்த பிறகுதான் அங்கும் அரசுகள் அசைந்தன.

அங்கும் எல்லாம் நடந்துவிடவில்லை. 2015-க்குள் எல்லா நீர்நிலைகளும் நல்ல நிலையை எட்ட வேண்டும் என்ற இலக்கு 2027 வரை தள்ளிப்போனது. ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமையின் 2018 அறிக்கைப்படி, மேற்பரப்பு நீர்நிலைகளில் சுமார் 40 சதவீதமே நல்ல சூழலியல் நிலையில் இருந்தன. ஆனாலும் அந்தத் தோல்வியை எண்ணிக்கையோடு வெளியிட வேண்டும் என்ற கட்டாயமே அந்த முறையின் பலம்.

தமிழகத்தின் ஏற்பாடுகள்

தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் பிர்கா வாரியாகக் கணக்கிடப்படுகிறது. ஆண்டுதோறும் ஊறும் நீரில் 70 சதவீதம் வரை எடுத்தால் பாதுகாப்பான பிர்கா. 90 வரை ஓரளவு அபாயம், 100 வரை அபாயம், அதற்கு மேல் மிகை நுகர்வு. இந்த வகைப்பாடு புதிய பாசனக் கிணற்றுக்குக் கடன் தருவது முதல் தொழில் அனுமதி வரை முடிவுகளில் பங்கு பெறுகிறது. அறிவியல் கணக்கு நேரடியாக நிர்வாகத்தில் இறங்கிய இடம் இது. எனினும் அது முதன்மையாக அளவைப் பற்றிய கணக்கு. தண்ணீர் நிறைய இருந்தும் வாயில் வைக்க முடியாத கிணற்றின் துன்பம் அதில் சரியாகப் பதிவாவதில்லை.

மாநிலம் முழுவதற்குமான நிலத்தடி நீர் மேம்பாடு மற்றும் மேலாண்மைச் சட்டம் 2003-இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வராமலே 2013-இல் நீக்கப்பட்டது. இதற்கு மாறாக நின்றது மழைநீர்ச் சேகரிப்பு. 2003-இல் கட்டடங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டபோது, ஆய்வாளர்கள் நெடுநாள் சொல்லிவந்த ஒன்று சில மாதங்களில் மாநிலமெங்கும் செயலானது. அரசு உறுதியாக நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

நீதிமன்ற வழி திருப்பூரிலும் தொடர்ந்தது. சாயக் கழிவு நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையை நாசமாக்கிய வழக்கில், கழிவு நீர் துளியும் வெளியேறாத முறையைச் சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியது. ஆலைகள் அதை நிறைவேற்றாத நிலையில் 2011 ஜனவரி 28 அன்று அவற்றை மூட உத்தரவிட்டது. சுங்குடிச் சேலைக்கும் கைத்தறிக்கும் பெயர் பெற்ற சின்னாளப்பட்டிக்கும் அதில் பாடம் உண்டு. பருத்தி நூலில் சாயம் ஏறவும் உப்பு வேண்டும்.

ஆத்தூர் அணையும் காந்திகிராமமும்

காமராசர் அணை திண்டுக்கல்லுக்கும் சின்னாளப்பட்டி வட்டாரத்துக்கும் குடிநீர் தருவது. அணைக்கு வரும் நீரை ராஜவாய்க்கால் பாசனக்காரர்களும் குடகனாற்றுக் கீழ்மடைக்காரர்களும் எப்படிப் பகிர்வது என்பதில் நீண்ட தகராறு உண்டு. வேடசந்தூர் பக்கத்து விவசாயிகள் ஆற்றில் தண்ணீர் வரவில்லை எனப் போராடியிருக்கிறார்கள். அரசு வல்லுநர் குழுவும் அமைத்தது. மலையிலிருந்து எவ்வளவு வருகிறது, எந்த வாய்க்காலில் எவ்வளவு பிரிகிறது என்ற அன்றாட அளவு இரு தரப்பும் நம்பும்படி பொதுவில் இருந்தால் இத்தகைய வழக்கில் பாதி தீரும்.

சின்னாளப்பட்டியை ஒட்டிய காந்திகிராமத்தை டி. எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கினர். 1956-இல் உருவான கிராமிய நிறுவனம் 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. கற்பித்தல், ஆய்வு, கிராம விரிவாக்கப் பணி மூன்றும் ஒன்றாகச் செல்ல வேண்டும் என்பது அதன் தொடக்கக் கொள்கை. நீருக்கு அந்த மூன்றாவது பணியே அதிகம் தேவை. திண்டுக்கல் கிணறுகளைப் பற்றிய ஆய்வுகள் ஆங்கில இதழ்களில் வெளியாகின்றன. மாதிரிக்குத் தண்ணீர் கொடுத்த விவசாயியிடம் முடிவு திரும்பி வருவது அரிது. 2015 முதல் மண்வள அட்டை வழங்கப்படுவது போல், ஆய்வுக்கு உட்பட்ட ஒவ்வொரு கிணற்றுக்கும் உப்பு, நைட்ரேட் அளவுகளையும், அந்த நீரைத் தாங்கும் பயிர்களையும் எழுதித் தமிழில் ஓர் அட்டை தருவது ஆய்வு நிறுவனங்களின் கடமையாக வேண்டும். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்கள் பாசன நீரையும் சோதித்துத் தருகின்றன. கிணறு வைத்திருப்போர் கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் நீரைச் சோதித்து, தேதியோடு குறித்து வைப்பது நல்லது.