படிக்கவா, விளையாடவா? – மடிக்கணினியின் கதை

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து கவுன்சலிங்கும் முடிந்துவிட்டால் போதும், வேங்கிக்காலில் எஞ்சினீயர் என்று பெயர் எடுத்த ஒவ்வொருவனுக்கும் ஒரு போன் வரும். "தம்பி, பையன் காலேஜ் சேர்றான். என்ன லேப்டாப் வாங்கலாம்? படிப்புக்கு மட்டும் ஆனா போதும்பா" என்பார் அப்பா. பத்து நிமிஷம் கழித்து அதே வீட்டிலிருந்து இன்னொரு போன் வரும். "அண்ணா, அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. கேமும் ஓடணும்ணா" என்பான் மகன்.

இரண்டு பேரும் கேட்பது ஒரே பெட்டியைப் பற்றி. கொடுக்கப் போவதும் ஒரே பணம். பல வீடுகளில் அது நகையை வைத்து எடுத்த பணம். வேலைக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று என்று இரண்டாக வாங்கும் வசதி நம் பக்கத்தில் எத்தனை பேருக்கு உண்டு? வாங்கப்போவது ஒன்று. நான்கு வருஷமும் அதுவே உழைத்தாக வேண்டும். ஆகவே இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லாமல் கொஞ்சம் சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்போமா நண்பர்களே?

ஆட்டம் எப்போது நுழைந்தது?

கணிப்பொறி என்பது கணக்குப் போடப் பிறந்தது, விளையாட்டு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்றுதான் பெரியவர்கள் நினைக்கிறார்கள். உண்மை என்னவென்றால், அது வெகு சீக்கிரமே ஒட்டிக்கொண்டது! 1962-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில், பீரோ பீரோவாக நின்றிருந்த பி.டி.பி.-1 என்ற இயந்திரத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் அவர் நண்பர்களும் 'ஸ்பேஸ்வார்' என்ற விண்வெளிச் சண்டை விளையாட்டை எழுதினார்கள். அந்த இயந்திரத்தின் விலை லட்சம் டாலருக்கும் மேல். வேடிக்கை என்னவென்றால், அதைத் தயாரித்த டிஜிட்டல் கம்பெனியின் ஆட்களே பின்னர் புது இயந்திரம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க அந்த ஆட்டத்தைத்தான் போட்டுப் பார்த்தார்கள். இயந்திரத்தின் எல்லா உறுப்புகளையும் ஒரே நேரத்தில் வேலை வாங்க அதைவிட நல்ல சோதனை கிடைக்கவில்லை!

1990-ல் வந்த விண்டோஸ் 3.0-ல் 'சாலிடேர்' சீட்டாட்டம் கூடவே வந்தது. மவுஸ் என்ற வஸ்துவைப் பிடித்துப் பழகாதவர்களுக்கு, ஒன்றைப் பிடித்து இழுத்து இன்னோர் இடத்தில் போடக் கற்றுக்கொடுத்தது அந்தச் சீட்டுக்கட்டுதான். ஆபீஸ் வேலைக்கான விரல் பயிற்சியை ஆட்டம் நடத்தியது!

பெட்டி மடிக்கு வந்த கதை

1981-ல் ஆஸ்போர்ன்-1 என்ற தூக்கிச் செல்லும் கணிப்பொறி வந்தது. எடை சுமார் 11 கிலோ. திரை வெறும் 5 அங்குலம். உள்ளே பேட்டரி கிடையாது. தூக்கிப்போய் இன்னொரு இடத்தில் பிளக்கில்தான் செருகவேண்டும். அதை மடியில் வைத்தால் மடி என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்!

பெட்டி மெலிய மெலிய ஒரு பழைய சண்டை பெரிதாகியது. விளையாட்டுக்கு வேகமான கிராபிக்ஸ் சிப் வேண்டும். அது மின்சாரத்தைக் குடிக்கும், சூட்டைக் கக்கும். வேலைக்கு நீண்ட நேரம் தாங்கும் பேட்டரி வேண்டும்; அதற்கு எல்லாம் சிக்கனமாக இருந்தாக வேண்டும். இந்த இரண்டும் மாமியார் மருமகள் மாதிரி. ஒரே வீட்டில் வைப்பது எப்படி?

2006-ல் சோனி நிறுவனம் தன் 'வையோ எஸ்.இசட்.' மாடலில் ஒரு வழி கண்டது. உள்ளே இரண்டு கிராபிக்ஸ் ஏற்பாடு. வெளியே கையால் தள்ளும் ஒரு சுவிட்ச். ஒரு பக்கம் 'ஸ்டாமினா', மறுபக்கம் 'ஸ்பீடு'. ஒரு பக்கம் தள்ளினால் பேட்டரி தாங்கும், மறுபக்கம் தள்ளினால் வேகம் வரும். ஆனால் மாற்றும்போதெல்லாம் மெஷினை அணைத்துப் போடவேண்டும். 2010-ல் என்விடியா நிறுவனம் 'ஆப்டிமஸ்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கடிதம் அடித்தால் சிக்கனமான சிப், ஆட்டம் திறந்தால் வேகமான சிப் என்று மெஷின் தானே மாற்றிக்கொள்ளும். வேலைக்கும் விளையாட்டுக்கும் ஒரே மடிக்கணினி என்று இன்று கடையில் விற்கிறார்களே, அதன் பாட்டனார் இவைதான்.

நம் ஊர் அத்தியாயம்

அடுத்த வருஷமே நம் தமிழ்நாட்டுக் கதை ஆரம்பமாகிறது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்காக முதல் ஆண்டுக்கு மட்டும் 9 லட்சத்து 12 ஆயிரம் கணினிகள் என்று திட்டமிட்டார்கள். கொள்முதல் பொறுப்பு எல்காட் நிறுவனத்துக்கு. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கைக்கு அது போய்ச் சேர்ந்தது.

2012-ல் நாங்கள் முதல் வருஷம் சேர்ந்தபோது நம் கல்லூரியில் ஒரு தலைகீழ் காட்சி. மெட்ரிக்குலேஷன் பள்ளியிலிருந்து இங்கிலீஷ் பேசிக்கொண்டு வந்தவனிடம் லேப்டாப் இல்லை. செங்கம், போளூர், கலசபாக்கம் பக்கம் அரசுப் பள்ளியில் படித்து வந்தவன் பையில் இருந்தது! "மச்சான், ஒரு மணி நேரம் குடுடா" என்று அவர்கள் இவர்களிடம் வந்து நின்றார்கள். அதுவரை கம்ப்யூட்டர் லேப்பில் மூன்று பேருக்கு ஒரு மெஷின் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அது கொடுத்த தைரியம் கொஞ்சமா?

அந்த வருஷம் நினைவிருக்கிறதா? சென்னையைத் தவிர மற்ற மாவட்டங்களில் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல்கூட மின்வெட்டு. வேங்கிக்கால் அறைகளில் ஃபேன் நின்று, டியூப்லைட் அணைந்த பிறகும் வெளிச்சம் கொடுத்தது மூடியில் அரசு முத்திரை போட்ட அந்தப் பெட்டிதான். மேஜைக் கணினி வைத்திருந்தவர்கள் கரண்ட்டுக்காகக் காத்திருந்தார்கள். நாங்கள் ரெக்கார்டு எழுதினோம். மடிக்கணினிக்கு பேட்டரி எவ்வளவு முக்கியம் என்பதை நமக்குச் சொல்லிக்கொடுத்தது மின்வாரியம்!

உள்ளே என்ன இருந்தது? இரட்டைக் கரு பிராசசர், 2 ஜி.பி. நினைவகம், 320 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். விண்டோஸும் இருந்தது, நம் நாட்டில் உருவான 'பாஸ் லினக்ஸ்' என்ற இலவச மென்பொருளும் இருந்தது. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. படிப்புக்கென்று அளந்து வாங்கிய மெஷின் அது.

அதில் விளையாடாமல் இருந்தோமா? கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 ஓடியது. 2002-ன் 'வைஸ் சிட்டி' ஓடியது. 2005-ன் 'மோஸ்ட் வாண்டட்' கார் பந்தயமும் தத்தித் தத்தி ஓடியது. காரணம் சுலபம். அந்த ஆட்டங்களெல்லாம் அதைவிடப் பழைய மெஷின்களுக்காக எழுதப்பட்டவை. கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டாலும், பிரதான நினைவகத்திலிருந்து கொஞ்சம் கடன் வாங்கிப் படம் காட்டும் சின்ன ஏற்பாடு உள்ளே இருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது. இன்னொரு 2 ஜி.பி. சிப்பை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து வாங்கிவந்து செருகியவன் அறையில் ராஜா!

இன்னொரு ரகசியமும் உண்டு. சி லேப்புக்கு நாம் பயன்படுத்திய டர்போ சி, 1987-ல் பிறந்த டாஸ் காலத்துச் சரக்கு. புதிய விண்டோஸில் அது சரியாக ஓடாது. அதை ஓட்ட நாம் எல்லோரும் 'டாஸ்பாக்ஸ்' போட்டோமே, அது எதற்காக உருவாக்கப்பட்டது தெரியுமா? பழைய டாஸ் வீடியோ கேம்களை ஆடுவதற்காக! யூனிவர்சிடி சிலபஸ் ஒரு விளையாட்டு மென்பொருளின் முதுகில் ஏறித்தான் பாஸ் ஆகியது. அதுபோலவே ஐ.பி. அட்ரஸ் கொடுப்பது, நாலு லேப்டாப்பைக் கேபிளில் இணைப்பது இவற்றையெல்லாம் நெட்வொர்க்ஸ் பேப்பர் வருவதற்கு முன்பே கவுன்டர் ஸ்ட்ரைக் நடத்தி முடித்துவிட்டது.

ஆட்டத்தில் மூழ்கி அரியர் வைத்தவர்களும் நம்மில் உண்டு. அதை மறைப்பது நியாயம் இல்லை. ஆனால் அதற்காக, "குறைந்த மெஷினா வாங்கிக் குடுத்தா விளையாட மாட்டான்" என்ற அப்பாக்களின் கணக்குக்கு எங்கள் செட் நேர் சாட்சி. அந்தக் கணக்கு தப்பு. இருப்பதிலேயே குறைந்த மெஷினில் நாங்கள் விளையாடினோம். அந்த மெஷினில் முடியாமல் போனது வேலைதான். இறுதி ஆண்டு புராஜெக்டில் பெரிய ஆட்டோகேட் வரைபடத்தைத் திருப்பினால் உறைந்து நின்றது. மேட்லேப் சிமுலேஷனைப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். வந்து பார்த்தாலும் முடிந்திருக்காது. ஆட்டத்தைத் தடுக்க நினைத்து மெஷினைக் குறைப்பவர் உண்மையில் வேலையைத்தான் குறைக்கிறார்.

அதே 2012-ல் டொரான்டோவில்

இங்கே நாம் கேம் ஐகானை வார்டன் கண்ணில் படாமல் ஃபோல்டருக்குள் ஒளித்துவைத்துக்கொண்டிருந்த அதே வருஷம், கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சுட்ஸ்கெவர் என்ற இரு மாணவர்களும் ஆசிரியர் ஜெஃப்ரி ஹின்டனும் படங்களை அடையாளம் காணும் ஒரு கணினிப் போட்டியில் கலந்துகொண்டார்கள். அவர்கள் தங்கள் நிரலைப் பழக்கியது இரண்டு 'ஜி.டி.எக்ஸ். 580' கார்டுகளில். கடையில் வீடியோ கேம் ஆடுபவர்களுக்கு விற்கும் சாதாரண கார்டுகள்! மற்றவர்களின் தவறு விகிதம் 26 சதவீதத்துக்கு மேல் இருக்க, இவர்களுடையது 15 சதவீதத்துக்கு இறங்கியது. இன்றைய செயற்கை நுண்ணறிவு அலையின் வாசல் அங்கேதான் திறந்தது. ஹின்டனுக்கு 2024-ல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆட்டத்தில் திரையின் லட்சக்கணக்கான புள்ளிகளுக்கும் ஒரே மாதிரிச் சின்னக் கணக்கை ஒரே நேரத்தில் போடவேண்டும். நரம்பு வலைப்பின்னல் கணக்கும் அதே ஜாதிதான். ஆக, எதை 'விளையாட்டுச் சாமான்' என்று நம் வீடுகளில் ஒதுக்கினார்களோ, அதுவே இன்று வேலைச் சாமான். படிப்புக்கான மெஷின், ஆட்டத்துக்கான மெஷின் என்ற கோடு நம் மனதில்தான் இருக்கிறது; சிலிக்கானில் இல்லை.

சரி, எதைத்தான் வாங்குவது?

சரித்திரம் சொல்லும் பாடத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, பிறகு மாற்ற முடியாததில் பணத்தைப் போடுங்கள். பிராசசர், கிராபிக்ஸ், திரை மூன்றும் வாங்கிய அன்று என்னவோ அதுவேதான் கடைசிவரை. நினைவகமும் எஸ்.எஸ்.டி.யும் பல மாடல்களில் பின்னால் கூட்டலாம். ஆனால் இப்போது சில மெலிந்த மாடல்களில் நினைவகத்தைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். "காலி ஸ்லாட் இருக்கா?" என்று கேட்டு வாங்குங்கள். தனி கார்டு இல்லாத மெஷினில் ஒரே சிப்பைவிட ஜோடிச் சிப் நல்லது. படம் காட்டக் கடன் வாங்கும் பாதை இரண்டாகிறது.

இரண்டாவது, கார்டின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். ஆர்.டி.எக்ஸ். 4050 என்ற ஒரே பெயர் கொண்ட லேப்டாப் கார்டு ஒரு மாடலில் 35 வாட்டிலும் இன்னொன்றில் 115 வாட்டிலும் இயங்கக்கூடும். புல்லட் என்று சொல்லி டி.வி.எஸ். 50 எஞ்சினை மாட்டிய மாதிரி! வாட் எவ்வளவு என்று கேளுங்கள்.

மூன்றாவது, சூடு. இது அண்ணாமலையார் அக்னியாக நிற்கும் ஊர். சித்திரையில் அறையே அடுப்பு. காற்றுப்போக்கு இல்லாத மெலிந்த பெட்டியில் எவ்வளவு பெரிய சிப் இருந்தாலும் சூடு ஏறியதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கட்டில் மெத்தைமேல் வைத்து ஆடுவது அதன் மூக்கைப் பொத்துவதற்குச் சமம்.

நான்காவது, தினமும் சுமப்பவன் யார்? பெரிய கேமிங் லேப்டாப்பின் சார்ஜரே ஒரு செங்கல் கனம் இருக்கும். பேட்டரியில் ஆட்டம் அதிக நேரம் தாங்காது. காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும் டே ஸ்காலருக்கு அது பாரம், ஹாஸ்டல்காரனுக்குப் பரவாயில்லை.

கடைசியாக, எல்லோருக்கும் தனி கார்டு தேவை இல்லை. 2020-ல் 'வேலரன்ட்' வந்தபோது, 2012-ல் வெளியான இன்டெல் ஹெச்.டி. 4000 என்ற உள்ளடங்கிய கிராபிக்ஸே குறைந்தபட்சத்துக்குப் போதும் என்றார்கள். பி.காம். படிக்கும் தங்கைக்கு நல்ல உள்ளடங்கிய கிராபிக்ஸும் 16 ஜி.பி. நினைவகமும் தாராளம். மெக்கானிக்கல், சிவில் வரைபடம், ஏ.ஐ. என்று போகிறவனுக்குத் தனி கார்டு ஆடம்பரம் அல்ல. அவன் அதில் சாயங்காலம் ஆடினால் ஆடிவிட்டுப் போகட்டுமே!

முடிவாக ஒரு வேண்டுகோள்

கொரோனா காலத்தில் விலையில்லா மடிக்கணினி வழங்குவது நின்றுபோனது. ஆன்லைன் வகுப்பு நடந்த, மிகவும் தேவைப்பட்ட அந்த வருஷங்களில் நம் ஜூனியர்கள் பலர் வீட்டில் இருந்த ஒரே செல்போனில் டிகிரியை முடித்தார்கள். 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று மீண்டும் அறிவிக்கப்பட்டு, 2026 ஜனவரியில் வழங்கத் தொடங்கினார்கள். இந்தத் தடவை 8 ஜி.பி. நினைவகமும் எஸ்.எஸ்.டி.யும். நம் காலத்தைவிட நான்கு மடங்கு நினைவகம், சந்தோஷம்தான். ஆனாலும் இடையில் விடுபட்டவர்கள் விடுபட்டவர்கள்தான்.

நம்மில் பலர் மூன்று, நான்கு வருஷத்துக்கு ஒருமுறை மெஷினை மாற்றுகிறோம். பழையது அலமாரியில் தூங்குகிறது. தூசியைத் தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றி, ஒரு எஸ்.எஸ்.டி. போட்டால் இன்னும் நான்கு வருஷம் ஒரு முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அது உழைக்கும். இந்த ஒன்றுகூடலுக்கு வருகிறவர்கள் அப்படி ஒன்றைக் கையோடு கொண்டுவாருங்கள். சுத்தம் செய்து தரும் வேலையை எங்கள் செட் பார்த்துக்கொள்ளும். வாங்கும் தம்பி தங்கையிடம் "படிக்க மட்டும்தான்" என்று சத்தியம் வாங்காமல் கொடுப்போம். நமக்கும் யாரும் அப்படிக் கேட்டுக் கொடுக்கவில்லையே!