பொன்முடி மலைநீர்ப் பங்கீடு

திருவனந்தபுரம் மாவட்டத்தில் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பொன்முடி. அதையும் அகத்தியமலையையும் சேர்ந்த மலைத்தொடரிலிருந்து வாமனபுரம் ஆறு, கரமனை ஆறு, நெய்யாறு ஆகிய மூன்றும் அரபிக்கடலுக்கு இறங்குகின்றன. வாமனபுரம் ஆற்றில் பெரிய அணை இல்லை. ஆகவே பங்கீட்டுச் சிக்கல் மற்ற இரண்டு ஆறுகளில்தான். (இடுக்கி மாவட்டத்துப் பன்னியாற்றில் உள்ள பொன்முடி அணை வேறு.)

கரமனை ஆற்று நீர் தலைநகரின் குடிநீர். 1930களில் அருவிக்கரையிலிருந்து நகருக்குக் குழாய் நீர் வந்தது. நகரம் வளர்ந்தபின் 1983இல் மேலே பேப்பாறை அணை எழுந்தது. அணையடியிலுள்ள சிறு மின்நிலையத்தைச் சுழற்றிய நீரே கீழே அருவிக்கரைக்குப் போகிறது. அதனால் அங்கே மின்சாரமும் குடிநீரும் மோதுவதில்லை. காட்டோடுதான் மோதல். அணையின் முழுக் கொள்மட்டம் 110.5 மீட்டர். சுற்றிலும் வனவிலங்குச் சரணாலயம் இருப்பதால் பல்லாண்டுகள் 107.5 மீட்டர் வரையே நீர் தேக்கப்பட்டது.

நெய்யாறு அணை பாசனத்துக்கானது. திட்டம் தொடங்கிய காலத்தில் விளவங்கோடு வட்டம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று அது தமிழகத்தோடு இணைந்தது. இடதுகரைக் கால்வாய் வழியே விளவங்கோட்டு வயல்களுக்கு வந்த நீர் 2004இல் நின்றுபோனது. நெய்யாறு தன் மாநிலத்துக்குள் ஓடும் ஆறு என்கிறது கேரளம். மாநிலங்களுக்கு இடையிலானது என்று 2012இல் தமிழகம் உச்சநீதிமன்றம் சென்றது.

இந்தியத் திட்டங்களில் பாசனத்துக்கு நான்கில் மூன்று ஆண்டுகளிலும், நீர்மின்சாரத்துக்குப் பத்தில் ஒன்பது ஆண்டுகளிலும் கிடைக்கக்கூடிய நீரே கணக்கில் கொள்ளப்படுகிறது. குடிநீருக்கு ஏறத்தாழ எல்லா ஆண்டும் கிடைக்க வேண்டும். பழைய மழைப் பதிவே இனியும் பொருந்தும் என்ற நம்பிக்கையில் நிற்கும் கணக்கு இது. இடவப்பாதி (தென்மேற்கு), துலாவர்ஷம் (வடகிழக்கு) என இரு பருவமழையும் பெறும் இப்பகுதியில், ஒன்று தவறினால் மற்றொன்று ஈடுகட்டும் என்பது நெடுங்கால அனுபவம். 2016இல் இரண்டுமே பொய்த்தன. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வடகிழக்குப் பருவமழை பாதிக்கு மேல் குறைந்தது. 14 மாவட்டங்களும் வறட்சிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. 2017 கோடையில் பேப்பாறை வற்றியதும், நெய்யாற்று நீர்த்தேக்கத்தில் காப்புக்காடு என்ற இடத்திலிருந்து நீரை இறைத்து, கும்பில் ஓடை வழியாக அருவிக்கரைக்குச் சேர்த்தார்கள். பாசன அணை ஒரே கோடையில் குடிநீர் அணையாயிற்று. மறு ஆண்டு ஆகஸ்டில் வெள்ளம். மதகுகளைத் திறக்க வேண்டியிருந்தது.

இங்கே உண்மையான முடிவு டிசம்பரில் எடுக்கப்பட வேண்டியது. துலாவர்ஷம் ஓய்ந்ததும் அணையில் உள்ள நீர் மே இறுதிவரை தாங்க வேண்டும். அப்போதே கால்வாய்க்கு விடும் நீரைச் சிறிது குறைப்பது, ஏப்ரலில் முழுவதும் நிறுத்துவதைவிட நல்லது. விதைக்குமுன் தெரிந்தால் உழவர் பயிரை மாற்றிக்கொள்ளலாம், நட்டபின் தெரிந்தால் இழப்புதான். ஆகவே எந்த மட்டத்துக்குக் கீழே யாருக்கு எவ்வளவு குறையும் என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பது, நல்ல ஆண்டின் பங்கை வரையறுப்பதைவிட முக்கியம். குடிநீருக்கு முதலிடம் என்று தேசிய நீர்க்கொள்கை 1987 முதலே சொல்கிறது. எஞ்சிய நீரில் கடைமடை வயலுக்கு என்ன உரிமை என்பதை அந்த வரிசை மட்டும் தீர்ப்பதில்லை. நெய்யாற்றில் கடைமடை என்பது மாநில எல்லைக்கு இப்பால் இருக்கும் விளவங்கோட்டு வயல்.