ஏரி மீனை எண்ணிய கதை



ஏரியிலுள்ள மீன்களை எண்ண முடியுமா? தண்ணீரை இறைத்துவிட்டால் எண்ணலாம். பிறகு மீன் இராது. டென்மார்க் நாட்டு அறிஞர் பீட்டர்சன், கடற்கழி ஒன்றில் தட்டை மீன்களுக்கு அடையாள வில்லை கட்டி விட்டு ஆராய்ந்தார். 1896-இல் அதை வெளியிட்டார். எண்ணும் வழி அதிலிருந்து பிறந்தது. 1917-இல் நார்வேயின் டால், ஏரி மீன்களுக்கு அதைக் கையாண்டதை எழுதினார்.

கணக்கு எளிது. வாளி நிறைய ரப்பர் கொட்டை எடுங்கள். 100 கொட்டைக்குச் சுண்ணாம்பு தடவி, உள்ளே போட்டு நன்றாகக் கலக்குங்கள். கண்ணை மூடி 50 அள்ளுங்கள். அவற்றில் 5 வெள்ளையானால், பத்தில் ஒன்று. ஆகவே வாளியில் ஏறக்குறைய 1,000 கொட்டைகள்.

என் வகுப்புப் பிள்ளைகள் மறுபடி அள்ளினார்கள். வேறு விடை வந்தது. "பொய்க் கணக்கு, சார்!" என்றார்கள். பிள்ளைகள் கேட்டது நியாயமே. 1938-இல் ஷ்னாபெல் என்ற அமெரிக்கப் பெண்மணி, பலமுறை பிடித்து, ஒவ்வொரு முறையும் அடையாளமிட்டு, எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் வழியைத் தந்தார்.

ஆனால், மீன் கொட்டையல்லவே! வில்லை கழன்றால் இரண்டாம் வலையில் அடையாள மீன் குறையும். இல்லாத மீன் கணக்கில் ஏறும். அதை நம்பி அதிகம் பிடித்தால், மறு ஆண்டு செம்படவர் வீட்டில் உலை கொதிக்காது. அதனால்தான் பல ஆய்வாளர்கள் வில்லையை விட்டு, துடுப்பின் ஓரத்தைச் சிறிது நறுக்கி விடுகிறார்கள்.